புதன்கிழமை முட்டிவலி

ரோலர் மெஷினுக்குள் ஈரப் பெட்ஷீட்டை விடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி இடது மூலையைப் பிடிக்க வேண்டும், மற்றவள் வலது மூலையை. இருவரும் சேர்ந்தே உதறி, சேர்ந்தே இழுத்து, சேர்ந்தே விட வேண்டும். ஒரு கை முந்தினாலும் துணி கோணிக்கொண்டு போய்விடும். மறுபக்கம் மடிக்கிற பெண்கள் திட்டுவார்கள். ஒன்பது வருஷமாக அந்த மெஷின் முன்னால் நிற்கிற ஜோடிக்கு அப்படித் திட்டு விழுந்தது அபூர்வம். இடப்பக்கம் நிற்பவளைச் சின்னவள் என்றும் வலப்பக்கம் நிற்பவளைப் பெரியவள் என்றும் லாண்டரியில் சொல்வார்கள். கூடப் பிறந்தவர்கள் இல்லை. ஒருத்திக்கு நாற்பத்தொன்று, மற்றவளுக்கு ஐம்பத்து மூன்று, அவ்வளவுதான். "ஒரே நுகத்தடி மாடுங்க" என்று மடிக்கிற பெண்கள் கிண்டல் செய்வார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரித் துணி முடிந்து ஓட்டல் துணி தொடங்கியிருந்த நேரத்தில், சூப்பர்வைசர் அம்மா ஒரு தாளோடு வந்து நின்றாள். மெஷின் சத்தத்தில் கத்திப் பேசுவது அவளுக்குப் பிடிக்காது. தாளைக் கண்ணுக்கு நேரே நீட்டினாள். வியாழக்கிழமை கம்பெனி டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள் ஐந்து பேர். நாலாவது வரியில் சின்னவளின் பெயர். எதிரே, 'இடது முட்டிவலி, ஆறு முறை பர்மிஷன்' என்று எழுதியிருந்தது.

"எதுக்கும்மா இது?" என்றாள் சின்னவள்.

"மாசக் கடைசியில கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும்ல? நிக்க முடியும்னு டாக்டர் எழுதிக் குடுத்தாத்தான் ஆபீஸ்ல கையெழுத்துப் போடுவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

சூப்பர்வைசர் நகர்ந்த பிறகு விட்ட முதல் பெட்ஷீட்டே கோணிக்கொண்டு போனது. "ஏம்மா, கண்ணு எங்க இருக்கு?" என்று மறுபக்கத்திலிருந்து குரல் வந்தது.

கண் போன வருஷத்தில் இருந்தது. போன வருஷம் இதே மாதம் இஸ்திரிப் பலகையில் நின்ற ஒருத்தி முதுகுவலி என்று டாக்டரிடம் போனாள். 'ஓய்வு தேவை' என்று அவர் எழுதிக் கொடுத்தார். கம்பெனி நிரந்தர ஓய்வே கொடுத்துவிட்டது.

இதில் வேடிக்கை, சின்னவளுக்கு முட்டிவலியே கிடையாது.

ஏழு வாரத்துக்கு முன்னால், பஸ் சிக்னலில் நின்றபோது, நீச்சல் குளத்துக் காம்பவுண்டுச் சுவரில் ஒரு பலகையைப் பார்த்தாள். பெண்களுக்குப் பயிற்சி, வயது தடையில்லை, புதன்கிழமை மாலை நாலிலிருந்து ஐந்து. பஸ் கிளம்பிய பிறகும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நாள் பூராவும் ஈரத்தில் நிற்கிறவள், கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதே இல்லை. எதற்கென்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஆசையாக இருந்தது.

வேலை காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை. அதற்குப் பிறகு சமையல், பாத்திரம், மகளின் பாடம், மாமனாரின் மருந்து. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று உண்டுதான். அது வீட்டுக்குச் சொந்தம். புதன்கிழமை மூன்றரைக்குக் கிளம்பினால்தான் குளத்துக்குப் போக முடியும். அதற்குப் பர்மிஷன் நோட்டில் எழுத வேண்டும். நோட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம். உடம்புக்கு முடியவில்லை, சாவு, பிள்ளையின் பள்ளிக்கூடம், இந்த மூன்றைத் தவிர வேறெதையும் அந்தக் கட்டத்தில் யாரும் எழுதிப் பார்த்ததில்லை. மகள் நன்றாகப் படிக்கிறாள். யாரையும் சாகடிக்க மனசு வரவில்லை. 'இடது முட்டிவலி, சிகிச்சை' என்று எழுதினாள்.

முதல் நாள் படியின் கம்பியை விடவே இல்லை. இரண்டாம் வாரம் மூக்கில் தண்ணீர் ஏறி இருமித் தீர்த்தாள். பயிற்சி கொடுக்கிற பெண் அவளைவிடப் பாதி வயசு; ஆனால் பொறுமைசாலி. "உடம்ப இறுக்காதீங்க. விட்டுடுங்க, தண்ணி பாத்துக்கும்" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வாள். ஆறாவது வாரம் சின்னவள் விட்டாள். தண்ணீர் பார்த்துக்கொண்டது. காதுக்குள் சத்தமெல்லாம் அடங்கி, கூரைத் தகடு மட்டும் மேலே தெரிய, எதையும் பிடிக்காமல், எதையும் தூக்காமல் மல்லாந்து கிடந்தாள். எத்தனை நிமிஷமோ தெரியாது. அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து ஒரு காரணமும் இல்லாமல் மாமனாரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் பயந்து போய் மகனைக் கூப்பிட்டார்.

குளத்து மருந்து வாடையை யாரும் கண்டுபிடிக்கவில்லை. லாண்டரியில் எல்லோர் மேலும் அதே வாடைதான்.

உறுத்தியது ஒன்றே ஒன்று. இவள் போய்விட்டால் ரோலர் ஓடாது. பெரியவளைப் பொத்தான் மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளில் அறுந்துபோன பொத்தான்களைத் தைக்கிற வேலை அங்கே. லாண்டரியிலேயே முக்காலி போட்டிருக்கிற இடம் அது ஒன்றுதான். ஆனால் பெரியவளுக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாது. அவளை அங்கே தள்ளிவிட்டு நாம் போய் மிதக்கிறோமே என்று சின்னவளுக்கு இருக்கும்.

இப்போது இருதலைக் கொள்ளி எறும்பாகிவிட்டது அவள் நிலை. முட்டிவலி உண்டு என்றால், நிற்க முடியாதவள் என்று வேலை போகும். இல்லை என்றால், ஆறு வாரம் நோட்டில் பொய் எழுதியதற்கு வேலை போகும்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது நீச்சல், டாக்டர் எல்லாவற்றையும் கணவனிடம் சொன்னாள்.

"விட்டுத் தொலை" என்றான் அவன். "உசுரா போகுது? நான் ஒரு காலத்துல கேரம் ஆடிட்டு இருந்தேன். இப்ப ஆடறேனா?"

"அதான் நீங்க இப்படி இருக்கீங்க" என்றாள் மகள். அவன் குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

புதன்கிழமை மூன்றரைக்குச் சின்னவள் மெஷினை விட்டு நகரவில்லை. பெரியவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள்.

"மணி ஆச்சு."

"இன்னைக்குப் போகலக்கா."

பெரியவள் அடுத்த பெட்ஷீட்டை எடுத்தாள். அவள் முகம் சட்டென்று வாடியதைச் சின்னவள் பார்த்தாள், ஏனென்று புரியவில்லை. ஐந்து மணி வரை இருவரும் துணி விட்டார்கள்.

உடை மாற்றும் அறை கீழ்த்தளத்தில். பதினாலு படி இறங்க வேண்டும். மற்றவர்கள் தடதடவென்று இறங்கிப் போன பிறகும் பெரியவள் மேல்படியிலேயே நின்றாள். சின்னவளும் நின்றாள்.

"அக்கா, எனக்கு முட்டிவலி இல்ல."

"தெரியும்."

"எப்படி?"

"மொத வாரம் இடது காலை நொண்டின. அடுத்த வாரம் வலது கால். நாலாவது வாரம் நொண்டவே மறந்துட்டு ஓடிப்போய் பஸ் புடிச்ச. நாய் வேஷம் போட்டா கொலைச்சாகணும்ல?"

சின்னவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

"அப்புறம், நீ படி ஏறும்போது மூஞ்சிய சுளிப்ப" என்றாள் பெரியவள். "ஏறும்போது அவ்வளவு தெரியாதுடி. இறங்கும்போதுதான் உசுரு போகும்."

சொல்லிவிட்டுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை முதல் படியில் வைத்தாள். மற்றக் காலை அதே படிக்குக் கொண்டுவந்தாள். மறுபடி ஒரு கால். ஒன்பது வருஷம் தோளோடு தோள் நின்றும், பெரியவள் படி இறங்குவதைத் தான் இதுவரை பார்த்ததே இல்லை என்பது சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் ஏதாவது சாக்குச் சொல்லிக் கடைசியாகத்தான் கீழே வருவாள்.

"எத்தனை நாளாக்கா?"

"ரெண்டு வருஷம்."

"ஏன் சொல்லல?"

"யார்கிட்ட? டாக்டர்கிட்டயா?"

ஐந்தாவது படியில் மூச்சு வாங்க நின்றாள். "நீ எங்க போறன்னு நான் கேக்கல. கேட்டா பயந்துபோய் நிறுத்திருவ. நீ போனா ரோலர் நிக்கும். ரோலர் நின்னாத்தான் நான் உக்காருவேன். வாரத்துல அந்த ஒன்றரை மணி நேரம்தான். இன்னைக்கு நீ போகாம நின்னுட்ட பாரு, எனக்கு அழுகையே வந்துருச்சு."

சின்னவள் இரண்டு படி இறங்கி, அவளுடைய கையைத் தன் தோளில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எங்கதான் போற?"

"நீச்சல் கத்துக்க."

பெரியவள் சிரித்த சிரிப்பில் படியிலேயே உட்கார வேண்டியதாயிற்று. "பகல் பூரா ஈரத்துல நின்னுட்டு, சாயங்காலமும் தண்ணிக்கா போற? எவனாவது இருக்கானோன்னுகூட நெனச்சேன்டி."

"போங்கக்கா. நாளைக்கு டாக்டர்கிட்ட என்ன சொல்ல?"

பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உண்மையச் சொல்லு. ஆனா முழுசாச் சொல்லாத."

டாக்டர் மாதம் ஒரு நாள் வருகிறவர். கீழ்த்தளத்தில் ஆபீஸ் பக்கத்தில் ஒரு சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு எடை பார்க்கும் இயந்திரம். சின்னவளுக்கு முன்னால் போன ஒருத்தி வெளியே வரும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"எந்த முட்டி?"

"இடது" என்றாள். சொல்லும்போதே குனிந்து எது இடது என்று சரிபார்த்துக்கொண்டாள்.

மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன.

"ஒண்ணுமே இல்லையே. இந்த வயசுல முட்டி இவ்வளவு நல்லா இருக்கே. என்ன செய்யறீங்க?"

"புதன்கிழமை புதன்கிழமை நீச்சலுக்குப் போறேன் டாக்டர். அங்க போனதுலேர்ந்து ஒரு நாள்கூட வலிக்கல."

சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அதற்கு முன்னால் வலித்ததா என்று அவர் கேட்கவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் முகமே மலர்ந்துவிட்டது.

"இதத்தான் நான் எல்லார்கிட்டயும் தலையால அடிச்சுக்கறேன். ஒருத்தராவது கேக்கறாங்களா? நீங்க ஒருத்தர்தான்." தாளை இழுத்து எழுதினார். முட்டி நலம். நின்று செய்யும் வேலைக்குத் தகுதி. வாரம் ஒருமுறை நீச்சல் பயிற்சியைத் தவறாமல் தொடரவும். கீழே அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். வேலை இருக்கிறது. புதன்கிழமையும் இருக்கிறது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே இரண்டு இரண்டு படியாக ஏறி ரோலருக்கு ஓடினாள்.

சூப்பர்வைசர் அம்மா தாளை இரண்டு முறை படித்தாள். "இது வைத்தியமா, விளையாட்டா?"

"டாக்டர் எழுதியிருக்காரும்மா."

"அப்ப வைத்தியம்தான்" என்று சொல்லித் தாளை நோட்டில் செருகினாள்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் துணிக்கும் துணிக்கும் நடுவே சின்னவள் மெல்லக் கேட்டாள். "அக்கா, நல்ல டாக்டரா இருக்காரு. நீங்களும் ஒரு தடவை காட்டுங்களேன். உங்களுக்கும் ஏதாவது நல்லதா எழுதிக் குடுப்பாரு."

"உனக்குப் பொய்வலி. அவரு குணப்படுத்திட்டாரு" என்றாள் பெரியவள், மூலையை நீவிவிட்டபடி. "எனக்கு நெஜ வலி. அவரு கண்டுபுடிச்சிருவாரு. புடி, புடி, கோணுது பாரு."

மூன்றரைக்குச் சூப்பர்வைசர் விசையை அணைத்தாள். ரோலர் ஒரு சுற்றுச் சுற்றி, நீராவியை விட்டுவிட்டு நின்றது.

"ஒரு புதனும் விட்றாதடி" என்று பெரியவள் உதடு அசையாமல் சொன்னாள்.

சின்னவள் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்ததால் பெரியவள் நிமிர்ந்து, விறுவிறுவென்று, ஒரு கோணலும் இல்லாமல் நடந்து பொத்தான் மேசைக்குப் போனாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் மெதுவாக இறங்கினாள். ஒரு காலை மட்டும் மடக்கி, மற்றக் காலை மேசைக்கு அடியில் நீளமாக நீட்டி வைத்தாள். பக்கத்தில் இருந்தவள் நூல் கோத்த ஊசியை நீட்டினாள். பெரியவள் அதை உடனே வாங்கவில்லை. டாக்டர் கோட்டு ஒன்றை மடியில் விரித்து, முட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.