அவிச்ச மா

கல்முனைக் கிளினிக்கில் டொக்டர் சொன்னது ஒன்றுதான்: கோதுமை மா என் வாயில் படக்கூடாது. அது உள்ளே போனால் என் குடல் புண்ணாகி, தின்பதெல்லாம் உடம்பில் ஒட்டாமல் வயிற்றோட்டமாகப் போய்விடுமாம். மூன்று மாதம் பாண், ரொட்டி, பிஸ்கட் எதையும் தொடவில்லை. ஆனாலும் என் நிறை முப்பத்தைந்து கிலோவிலிருந்து முப்பத்துமூன்றாகியது. இன்னும் குறைந்தால் வார்ட்டில் போடுவதாகச் சொன்னார்.

நிந்தவூரில் என் காக்கா, கூடப்பிறந்த அண்ணன் றிஸ்கானின் வீட்டில் இருக்கிறேன். அவர் மனைவி நதீரா மதினி கடைகளுக்கு இடியப்பம் கொடுப்பவள். வகுப்பிலிருந்து ஒரே நாளில் மூன்று தரம் கக்கூசுக்கு ஓடி, பிள்ளைகள் சிரித்து, நான் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து இடியப்பம் பிழிவது நான்தான். மிஞ்சுவதுதான் என் சாப்பாடு. அரிசிதானே என்று பயமில்லாமல் தின்றேன்.

மதினி என் வியாதியை நம்பவில்லை. வேலைக்குக் கள்ளம் என்றாள். நான் களவாகப் பாண் தின்பதாகக் காக்காவிடம் சொன்னாள். அவர் என் தலையணையைத் தூக்கிப் பார்த்தார்.

அடுத்த கிளினிக்குக்கு அவள்தான் கூட வந்தாள். தராசு முப்பத்திரண்டு காட்டியது. என்னைக் கேட்ட எல்லாவற்றுக்கும் அவளே பதில் சொன்னாள். இடியப்பம் எந்த மாவில் என்று டொக்டர் கேட்டார்.

"அரிசி மாதான் டொக்டர்," என்றாள்.

ஆட்களுக்கு முன்னால் எனக்கு வாய் வராது. ஆனால் அவள் சொன்னது அரைவாசிதான் என்று தோன்றியது.

"அவிச்ச மாவும் போடுவம்," என்றேன்.

டொக்டர் பேனையை வைத்தார். "எந்த மாவ அவிச்சது?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. மதினி துணியில் கட்டி அவித்து அரித்துத் தருவது கோதுமை மா. அவித்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் அதைக் கோதுமை என்று சொல்வதில்லை.

"அவிச்சா அது வேற மாதானே டொக்டர்," என்றாள் மதினி.

அவித்தாலும் கோதுமை கோதுமைதான் என்று டொக்டர் சத்தம் போட்டார். வார்ட்டில் போடாமல், அந்த மா இல்லாமல் தின்று பார்க்க எனக்கு ஒரு மாதத் தவணை தந்தார்.

பஸ்ஸில் மதினி என் கையைக் கிள்ளினாள். "ஆக்களுக்கு முன்னால என்னெ நஞ்சு வெச்சவளாக்கிப் போட்டாய் புள்ள."

அவளுக்கு உண்மையாகவே தெரியாமல் இருந்திருக்கலாம். அதற்காக நான் அவளை மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, கோதுமை மா படாத புதுச் சட்டியில் சிவப்பரிசி போட்டேன். ஒரு அடுப்பங்கரையில் ரெண்டு சட்டி வைக்க ஏலாது என்று மதினி அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். காக்கா வாசலில் நின்று பார்த்தார்.

ஈரக் கொள்ளிகளை எடுத்தெறிந்து மறுபடி மூட்டினேன். சோறு பதமாகும்வரை சட்டிக்குப் பக்கத்திலிருந்து எழும்பவில்லை.