பல் சத்தம்

என் மச்சான் நடத்தும் இத்தாலிய உணவகத்தில் தட்டுகள் சின்னவை, தட்டைப் பற்றிய விளக்கங்கள் பெரியவை. பரிமாறுகிறவர் ஒவ்வொன்றின் பிறப்பு வளர்ப்பையும் சொல்லி முடிப்பதற்குள் அது ஆறிவிடும். மெனு அட்டையின் அடியில் ஒரு வரி உண்டு: 'எங்கள் உணவில் மாற்றம் எதுவும் செய்து தர இயலாது.' உப்புக் குப்பி கேட்ட ஒருவரை மச்சானே அடுப்படியிலிருந்து வந்து முறைத்ததாகக் கேள்வி. சமைப்பவனே முதலாளியாகவும் இருந்தால் தட்டிக் கேட்க ஆளிருக்காது.

அப்படிக் கேட்கக்கூடிய ஒரே மனிதர் அவனுடைய அப்பா, அதாவது என் மாமனார். ஆலை கேன்டீனில் முப்பத்தோரு வருடம் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். வேளைக்கு நானூறு பேர். மகன் கடை திறந்த அன்று வந்தார். மூன்று உருண்டைகள் இருந்த தட்டை உற்றுப் பார்த்தார். "மாதிரி நல்லா இருக்கு. சாப்பாடு எப்ப வரும்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் திரும்பிவிட்டன. பேச்சும் கொஞ்சம் குழறலோடு திரும்பியது. தொண்டைதான் திரும்பவில்லை. மென்று விழுங்குவது எதுவானாலும் புரையேறியது. மசித்ததை மட்டும் கொடுங்கள் என்றார்கள். என் மனைவி மசித்துக் கொடுத்தாள். அவர் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

"எல்லாருக்கும் ஒரே அண்டாவுல ஆக்கினவன் நான். நானும் அதுலதான் சாப்பிட்டேன். எனக்குன்னு தனியா கரைச்சு வெக்காதே."

ஒன்பது கிலோ இறங்கினார். மருத்துவர் பத்து நாள் கெடு வைத்தார். அதற்குள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்றால் மூக்கு வழியே குழாய்.

ஒன்பதாவது நாள் மதியம் மச்சான் எங்கள் மூவரையும் கடைக்குக் கூப்பிட்டான்.

"எதுக்கு? மாதிரி பாக்கவா?" என்றார் மாமனார். ஆனாலும் சட்டையை மாற்றிக்கொண்டார். அது தோளில் நிற்கவில்லை.

எட்டு மேசைகளும் நிறைந்திருந்தன. எங்களுக்கு நடு மேசை. முதல் தட்டில் வெண்ணெய் போல் அரைத்த வெள்ளை அவரை, மேலே ஒரு கோடு ஆலிவ் எண்ணெய். மாமனார் தன் தட்டைப் பார்த்தார், எங்கள் தட்டுகளைப் பார்த்தார், திரும்பிப் பக்கத்து மேசையைப் பார்த்தார். எல்லாம் ஒன்றேதான். கரண்டியை எடுத்தார். ஆஸ்பத்திரியில் விழுங்கப் பயிற்சி தந்தவர் சொல்லிக்கொடுத்தபடி தாடையைத் தாழ்த்தி விழுங்கினார். மேசைக்கு அடியில் என் மனைவியின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது.

இரண்டாவது, நாக்கில் வைத்ததும் கரையும் பாலாடைக்கட்டி. மூன்றாவது, பொலெண்டா என்கிற சோளமாவுக் கூழ். "இன்னைக்கு எங்க செஃப் எடுத்துக்கிட்ட கருப்பொருள் மென்மை, சார்" என்றார் பரிமாறுகிறவர். மனப்பாடம் செய்தது முகத்தில் தெரிந்தது.

பக்கத்து மேசையில், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த ஒருவர் தன் மனைவிக்குப் பாடம் எடுத்தார். "நல்லா கவனி. பல்லே வேண்டாம்னு ஆக்கிட்டான் பாரு. இது சாப்பாடு இல்ல, தத்துவம்."

"எனக்கு அந்தச் சுட்ட ரொட்டி வேணும். அதுக்குத்தான் வந்தேன்."

"உனக்கு இதெல்லாம் புரியாது."

வேறொரு நாளாக இருந்தால் அந்த மனிதர் என் கிண்டலுக்கு ஒரு வாரத்துக்குத் தீனி. அன்றைக்கு, மாமனார் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் வாய் ஓயக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

நான்காவது தட்டில் மாமனாரின் கரண்டி பாதியில் நின்றது. தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"இந்த ஹால்ல ஒருத்தர் பல்லு சத்தம்கூட கேக்கலையே."

"ஏசி சத்தத்துல கேக்காது மாமா."

"நானூறு பேர் மெல்லுற சத்தத்துலயே வாழ்ந்தவன்கிட்ட சொல்றீங்க."

எழுந்து அடுப்படிக்கு நடந்தார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

கேன்டீனில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. சாப்பாடு எப்படி என்று யாரையும் கேட்க மாட்டார். சாப்பிட்டவர்கள் போன பிறகு மிச்சத்தைக் கொட்டும் தொட்டியை ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். அதுதான் அவருக்குப் பதில். இங்கேயும் நேராகத் தட்டு கழுவும் இடத்துக்குப் போய் மூடியைத் தூக்கினார். அரைத்த அவரை மசியலும் சோளக் கூழுமாக, தொட்டி கழுத்துவரை நிறைந்திருந்தது. மேலே அலமாரியில், துணி போட்டு மூடிய ரொட்டிகள் ஒன்றுகூட அறுபடாமல் இருந்தன.

உப்புக்கு முறைத்த என் மச்சான் கையில் அகப்பையோடு நின்றான்.

"எல்லாருக்கும் இதேதானா?"

"ஆமாப்பா."

"எனக்காக."

"தனியா வெச்சா நீங்க சாப்பிட மாட்டீங்களே."

மாமனார் மூடியைப் போடவில்லை. நாளைக்குக் குழாய்தான் என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை.

"முப்பத்தோரு வருஷத்துல ஒரு நாள்கூட எனக்கு இவ்வளவு திரும்பி வந்ததில்லைடா."

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சுமா செஞ்சே?"

மச்சான் அகப்பையைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

மாமனார் மூடியை மெதுவாக இறக்கினார். "ஒருத்தன் தொண்டைக்காக முப்பது பேர் வாயைக் கட்டிட்டே. போ, அந்த ரொட்டியை அறுத்துச் சுடு. வெளிய ஒரு அம்மா அதுக்காகவே உக்காந்திருக்காங்க."

மச்சான் ரொட்டியை எடுத்தான். துண்டு துண்டாக அறுத்து அடுப்பில் வைத்தான்.

மாமனார் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"எனக்கு அந்தக் கூழ் இருந்தா போடு" என்றார். "தனியா."

மச்சான் ஒரு சின்னத் தட்டை எடுத்தான்.

"அதுல வேண்டாம். கிண்ணத்துல."

கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். சுட்ட ரொட்டி வெளியே போயிற்று. சிறிது நேரத்தில், கதவுக்கு அப்பால் யாரோ அதைக் கடிக்கும் சத்தம் கேட்டது. மாமனார் கரண்டியை நிறுத்திக் கேட்டார். பிறகு தாடையைத் தாழ்த்தி விழுங்கினார்.