மேனேஜரின் மெத்தை

நாலு தையலுக்கு ஒருமுறை மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள் தையல்காரி. பின்பக்கம் தகரம் லேசாக அசைந்தாலும் கால் தானாக மிதியை விட்டுவிடும். காலையிலிருந்து ஒரு சட்டைக்குக்கூடக் காலர் ஏறவில்லை.

பக்கத்து வீட்டு நாய் மூன்று வாரத்தில் அவளுடைய மூன்று முயல்களை முடித்துவிட்டது. மிச்சம் இருப்பது சாம்பல் நிறத் தாய்முயல் மட்டும். அதுவும் நிறைமாதம், இன்றோ நாளையோ குட்டி போடும். மதில் ஓட்டையை அடைத்தால் நாய் மதிலைத் தாண்டி வந்தது. மதில்மேல் கம்பி சுற்றினால் கேட்டுக்கு அடியில் மண்ணைத் தோண்டி வந்தது. அதுக்கு இருக்கிற சுறுசுறுப்பு எனக்கு இருந்தால் இந்நேரம் நாலு வீடு கட்டியிருப்பேன் என்று சொல்லிவிட்டு, அவள் புருஷன் பெயிண்ட் டப்பாவோடு வேலைக்குப் போய்விட்டான்.

நாயின் பெயர் மேனேஜர். வளர்ப்பவள் பஸ் கண்டக்டர், தனிக்கட்டை. டிப்போவில் தன்மேல் எரிந்து விழுகிற மேனேஜரை மனதில் வைத்து, வீட்டிலாவது ஒரு மேனேஜர் தான் சொன்னால் உட்காரட்டும் என்று வைத்த பெயர். முதல் முயல் போனபோது அந்தப் பெயரைச் சொல்லி இருவரும் சிரிக்கக்கூடச் செய்தார்கள். இரண்டாவதற்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாவதை முந்தாநாள் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கண்டக்டர் வீட்டுப் படியில் வைத்து, நாயை அனுப்பினால்தான் ஆச்சு என்று தையல்காரி ஒரே பிடியாய் நின்றாள். ஏதோ குடோனுக்குக் காவல் நாய் வேண்டுமாம், இன்று நாலு மணிக்கு வண்டி வருகிறது என்று காலையில் கண்டக்டர் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்தே சொன்னாள்.

இப்போது மணி மூன்று. நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. எழுந்து கூண்டைப் பார்க்கப் போனாள்.

தாய்முயல் தன் நெஞ்சு முடியைப் பல்லால் பிடுங்கிப் பிடுங்கி, கூண்டிலிருந்த பெட்டிக்குள் கிடந்த வெட்டுத்துணியோடு கலந்து குட்டிகளுக்கு மெத்தை போட்டுக்கொண்டிருந்தது. நீலத் துண்டு, வெள்ளைத் துண்டு, நடுவில் புகைமாதிரி சாம்பல் முடி. பார்த்துக்கொண்டே நின்றவள் கையை நீட்டி அதைத் தொட்டாள்.

இதே கலவையை இந்தக் கையாலேயே அள்ளியிருக்கிறாள். போன ஈற்றுக் குட்டிகள் வளர்ந்து, அவள் பெட்டியைச் சுத்தம் செய்த அன்றுதான் கண்டக்டர் மேனேஜரைக் குட்டியாகத் தூக்கி வந்தாள். ஒரு நூலைக்கூட வீச மனம் வராத தையல்காரி, பஞ்சுபோல இருக்கிறதே என்று பெட்டியில் கிடந்ததை எல்லாம் வெயிலில் காட்டி, உறைக்குள் திணித்து, நாய்க்குட்டிக்கு மெத்தை தைத்துக் கொடுத்தாள். முயல் வாடை அடிக்கிற அதைக் கவ்வி உதறி உதறித்தான் நாய் வளர்ந்தது. மதிலோரம் நின்று இரண்டு பேரும் அதை ரசித்திருக்கிறார்கள்.

இன்னும் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நாயும் போய்விடும், பேச்சும் போய்விடும். மெஷினுக்கும் கூண்டுக்குமாக நாலு நடை நடந்தாள். ஐந்தாவது நடையில் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

கண்டக்டர் யூனிஃபார்ம்கூட மாற்றாமல் படியில் உட்கார்ந்திருந்தாள். சங்கிலியில் நாய். பக்கத்தில் ஒரு பையில் அதன் தட்டு, பந்து, அந்த மெத்தை.

"இதையும் குடுத்து அனுப்புறேன். இது இல்லாம அது தூங்காது" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்.

தையல்காரி மெத்தையை வாங்கித் தையலைப் பிரித்தாள். நீலமும் வெள்ளையும் சாம்பல் முடியுமாகப் பிதுங்கி விழுந்தன. நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு பாய்ந்தது. எங்கிருந்து அள்ளினாள் என்பதைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள்.

"வேட்டையை நான்தான்கா பழக்கி விட்டிருக்கேன்."

கண்டக்டர் ஒரு கொத்து முடியை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"நேத்து இதைப் பெல்ட்டால அடிச்சேன்" என்றாள். முடியைக் கீழே உதறிவிட்டு, "மெத்தையைத் தூக்கிப் போட்டா மட்டும் திருந்திடுமா? ருசி பாத்துடுச்சே."

"தெரியலக்கா. முயலை நான் வீட்டுக்குள்ள வெச்சுக்கிறேன். நீங்க சங்கிலியைக் கழட்டக் கூடாது. ஒரு மாசம் பாப்போம்."

கண்டக்டர் போனை எடுத்தாள். குடோன்காரரிடம், மேனேஜருக்கு டிரான்ஸ்ஃபர் ரத்து என்று சொன்னாள். அந்தப் பக்கம் என்ன புரிந்ததோ.

சாயங்காலம் தையல்காரியின் கட்டிங் மேஜைக்கு அடியில் முயல் பெட்டி வந்திருந்தது. மேனேஜருக்குப் புது மெத்தை தைத்தாள். உள்ளே போகிற ஒவ்வொரு துண்டையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுத்தான் திணித்தாள். மதிலுக்கு அப்பால் சங்கிலி கிலுங்கியது. கால் மிதியை விட்டது. மேஜைக்கு அடியிலும் இரண்டு காதுகள் விறைத்து நின்றன. சத்தம் ஓய்ந்ததும் முயல்தான் முதலில் வேலையைத் தொடங்கியது. அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.