வாசல் கதவுப் படம்

"போட்டோ எடுக்கறதுதான் வேலைங்கறீங்க. வீட்டுக்காரர் படம் ஒண்ணுகூட இல்லையா?" என்றார் காவல் நிலைய ஏட்டு.

ஊர் ஊராகப் போய்க் கையால் கட்டிய வீடுகளைப் படமெடுப்பவள் நான். என் மடிக்கணினியில் எங்கள் வீடு மட்டுமே ஆயிரக்கணக்கில் கிடந்தது. என் கணவர் இழைத்த அலமாரி, அவர் பின்னிய பிரம்பு நாற்காலி, அவர் பூசிய மண்சுவர். பத்திரிகைக்காரர்களுக்கு ஆளில்லாத வீடுதான் பிடிக்கும், பாழாய்ப்போனவர்கள். கல்யாணப் படத்தை நீட்டினேன். அதிலிருந்த மீசைக்காரரை வைத்து இன்றைக்கு யாராலும் அவரை அடையாளம் காண முடியாது.

ஒவ்வொரு படமாகத் திறந்தேன். ஒன்றில், வெளிச்சம் திருப்ப அவர் பிடித்திருந்த வெள்ளைத் துணி ஓரமாகத் தெரிந்தது. அதன் விளிம்பில் நான்கு விரல்கள்.

"இதுதான் சார் அவர்."

"விரலை வச்சு எப்படிம்மா தேடறது?" ஏட்டு கிண்டல் செய்யவில்லை. பாவம், அவரும்தான் என்ன செய்வார். "கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"காலையில. வாசக் கதவைப் படம் எடுக்கறப்போ குறுக்க வந்து நின்னார். தலையில அடிபட்டதுலேர்ந்து சொன்னதை அப்படியே செய்வார் சார். தள்ளிப் போங்க, நான் கூப்பிடறேன்னு சொன்னேன்."

ஏட்டு எழுதுவதை நிறுத்தினார்.

"கூப்பிட்டீங்களா?"

"வெளிச்சம் ரொம்ப நல்லா இருந்தது சார்," என்றேன்.