ஏழு துறைகளும் ஓர் அயனிப் பலகையும்

மாவட்ட நிர்வாக வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கப்படவேண்டிய செய்தி: வேலை இழந்த முந்திரி ஆலைத் தொழிலாளர்களின் கண்ணீரைத் துடைப்பதற்காக ஏழு அரசுத் துறைகள் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே பந்தலின் கீழ் கூடுவதென்று முடிவாகியிருந்தது. அந்தப் பந்தலைத்தான் பந்தல்காரன் எபிசன் விடிந்ததும் விடியாததுமாகப் பிரித்து வண்டியில் ஏற்றிவந்து, சத்தியபாயின் வீட்டு முற்றத்தில் நட்டுக்கொண்டிருந்தான்.

"இது முகாமுக்குள்ள பந்தல்லா, அண்ணே?" என்றாள் ஜெப்சி. செத்துப்போன சத்தியபாயின் ஒரே மகள்.

கயிற்றைப் பல்லால் இழுத்து முடிச்சிட்டபடி எபிசன் சொன்னான்: "முகாம நாளைக்கும் வைக்கலாம் மக்களே. அம்மைய நாளைக்கு வைக்க முடியுமா?"

பேனரை அவிழ்க்க மட்டும் அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. சத்தியபாய்க்காக வந்திருந்த சவப்பெட்டிக்கு நேர் மேலே, 'உங்கள் எதிர்காலம் எங்கள் பொறுப்பு' என்று கொட்டை எழுத்தில் தொங்கியது.

அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்ததே ஜெப்சிதான். தொழிலாளர் நலத்துறையில் ஒப்பந்தச் சம்பளத்துக்கு அவள் ஒருங்கிணைப்பாளர். எல்லோரிடமும் பேசுவாள், அவள் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள். அதற்குத்தான் அந்தப் பதவி.

உள்ளே பெண்கள் அம்மாவுக்கு வெள்ளைச் சேலை உடுத்திவிட்டு, கையுறை மாட்டப் போனார்கள். கிளாரா மாமி தடுத்தாள். அம்மாவும் அவளும் ஆலையில் முப்பது வருடம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள்.

"உறை வேண்டாம். கை பாரு, டீச்சர் கை மாதிரி வெளுத்துக் கெடக்கு. இனி எதுக்கு அத மறைக்கணும்?"

ஜெப்சி பார்த்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூட விழாக்களுக்கு அம்மா வந்தால், முந்திரி அண்டியின் கறை ஏறிக் கறுத்த விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துவைப்பாள். ஓணத்துக்குப் பிறகு வேலை இல்லை. கறை தோலோடு உரிந்து போய்விட்டது. அம்மா சாயங்காலங்களில் அந்தக் கையை விரித்து வைத்துக்கொண்டு, யாரோ வைத்துவிட்டுப்போன சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

முந்திரி ஆலையை ஊரில் அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். "நானும் ஆபீஸு, நீயும் ஆபீஸு" என்பாள் அம்மா. "என்ன, எங்க ஆபீஸில சாயங்காலம் ஆவும்போ ரெண்டு டின்னு பருப்பாவது தேறும். ஒங்க ஆபீஸில என்ன தேறும் பிள்ளே?"

ஓணத்துக்கு லீவு விட்டார்கள். ஓணம் கழிந்து வேலைக்குப் போனபோது கேட்டில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு, பக்கத்தில் 'அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்' என்று ஒரு தாள். யாரும் யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ரோட்டில் நின்று பூட்டைப் பார்த்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பினார்கள்.

அதன்பின் அரசு விழித்துக்கொண்டது. காளான் வளர்ப்புப் பயிற்சிக்கு ஜெப்சி அம்மாவின் பெயரைத்தான் முதலில் சொன்னாள்.

"காளானா? அது மழை பெய்ஞ்சா தன்னால முளைக்கும். அதுக்கு நான் எதுக்கு?" என்றாள் அம்மா. பிறகு குரலைத் தணித்து, "எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்து தருவியா? எனக்க பலகை உள்ள கெடக்கு. கேட்ட ஒருக்கா திறக்கச் சொல்லு. எடுத்துட்டு வந்துருவேன். செத்த நேரம் இருந்துட்டு எடுத்துட்டு வந்துருவேன்."

உட்கார்ந்து வேலை செய்ய அப்பா அயனி மரத்தில் செதுக்கிக் கொடுத்த பலகை. கல்யாணமான வருடம் அதைத் தூக்கிக்கொண்டு அண்டியைத் தல்லிப் பருப்பெடுக்கப் போனவள். அப்பா போன பிறகும் அதன்மேல்தான் உட்கார்ந்தாள்.

கேட்டுப் பூட்டின் தாக்கோல் யாரிடம் என்று ஜெப்சி விசாரித்தாள். தொழிலாளர் துறை, வங்கியிடம் இருக்கும் என்றது. வங்கி, வழக்கு நடக்கிறது என்றது. வழக்கறிஞர், வருவாய்த் துறையிடம் கேட்கச் சொன்னார். வருவாய்த் துறையில், இதை ஒருங்கிணைக்கத்தான் ஒருத்தி இருக்கிறாளே என்று அவள் பெயரையே சொன்னார்கள்.

"தாக்கோல் கிட்டிச்சா?" என்று அம்மா தினமும் கேட்டாள். "பேசிட்டிருக்கேன்மா." பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். ஜெப்சி வீட்டுக்குள் வந்ததும் அவள் கைப்பையை மட்டும் ஒருமுறை பார்ப்பாள்.

நேற்று மத்தியானம் கஞ்சி குடித்த பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுக்களை வாசலில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு முற்றத்தில் மூன்று ஜீப்புகள் வந்து நின்றன. திட்ட அலுவலர் முத்துநாயகம் பெட்டிக்கு மாலை போட்டார். அண்ணாந்து பேனரைப் பார்த்தார். முற்றம் கொள்ளாமல் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார். பயனாளிகள் அத்தனை பேரும் இங்கே இருந்தார்கள். அவர் முகம் மலர்ந்தது.

"ஜெப்சிம்மா, உங்க துக்கம் புரியுது. ஆனா பாருங்க, கூட்டம் இங்க, பந்தல் இங்க, பேனரும் இங்க. ஒரு அரைமணி நேரம் நடத்திட்டா அறிக்கை அனுப்பிடலாம். அம்மாவும் ஒரு பயனாளிதானே?"

ஜெப்சிக்கு முந்திக்கொண்டு கிளாரா மாமி சொன்னாள்.

"நடத்துங்க சாரே. முதல் டோக்கன பெட்டிக்குள்ள குடுங்க. அவதான் எல்லாத்துக்கும் முன்ன வந்து கெடக்கா."

அலுவலர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மற்ற துறைகளும் உட்கார்ந்தன. ஏழு துறைகளும் ஒரே பந்தலின் கீழ் கூடியது இப்படித்தான். கட்டன்சாயா வந்தது. குடித்தார்கள்.

மூன்று மணிக்கு போதகர் வந்து ஜெபித்தார். சபையின் பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்பட்டார்கள். பின்னால் ஜீப்புகளும் மெதுவாக ஊர்ந்தன. எழுந்து போனால் நன்றாக இராது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

அண்டி ஆபீஸ் கேட்டுக்கு முன்னால் வந்ததும் கிளாரா மாமி வண்டியின் கம்பியைப் பிடித்தாள்.

"நில்லுங்கலே. அவ செத்த நேரம் நிக்கட்டும்."

வண்டி நின்றது. யாரும் பாடவில்லை. உள்ளே புல் முளைத்த முற்றமும் ஓட்டுக் கூரையும் கம்பிக்கு அந்தப் பக்கம் தெரிந்தன. ஜெப்சி திரும்பி நடந்து முதல் ஜீப்பின் அருகே போனாள். அழாமல் கேட்டாள்.

"சார், எல்லா துறையும் இருக்கு. இதத் திறந்து தாங்க. அம்மாக்க பலகைய எடுத்துட்டுப் போயிருவோம்."

முத்துநாயகம் இறங்கி, கூட வந்திருந்த வங்கிக்காரரைப் பார்த்தார். அவர் வருவாய் ஆய்வாளரைப் பார்த்தார். "எழுத்துபூர்வமா ஒரு கோரிக்கை இருந்தா..." என்று ஒருவர் தொடங்கினார். "சீல் வெச்சது நாங்க இல்ல" என்றார் இன்னொருவர். "யாரு வெச்சான்னு தெரிஞ்சாத்தானே யாரு திறக்கணும்னு சொல்ல முடியும்?" என்றார் மூன்றாமவர். நல்ல கேள்வி என்று மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

கிளாரா மாமியின் செருப்புக்குள் கல் ஒன்று உறுத்தியது. செருப்பைக் கழற்றிக் கல்லைத் தட்டுவதற்காக ஒரு கையைக் கேட்டில் ஊன்றினாள். கேட் முனகிக்கொண்டு உள்ளே போனது. ஒரு கதவின் கம்பியில் மட்டும் சுற்றியிருந்த சங்கிலி, பூட்டோடு, கூடவே போனது.

அரசு பேச்சை நிறுத்தியது.

ஜெப்சி உள்ளே நடந்தாள். கொட்டகையில் பலகைகளெல்லாம் லீவு விட்ட அன்று சாய்த்தபடியே சுவரில் சாய்ந்திருந்தன. தூணோரம் நின்றது அம்மாவுடையது. நடுவில் குழிந்து பளபளத்தது. அதைக் கீழே போட்டு, தூசியைத் துடைத்தாள். உட்காரவில்லை. பிறகு எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கேட்டருகே ஆலையின் பழைய வாச்சர் சுடலையாண்டி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி அலுவலரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பூட்டினா தாக்கோல ஒரு ஆளிட்ட ஒப்படைக்கணும்லா சாரே. ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினேன். வாங்க ஒருத்தரும் இல்ல. பின்னே சும்மா சுத்திவச்சுட்டுப் போனேன்."

"இத ஏன்யா இதுவரை யார்ட்டயும் சொல்லல?"

"எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல்லியே."

வண்டி நகர்ந்தது. ஜெப்சி பலகையோடு பின்னால் நடந்தாள்.

அம்மா முதன்முதலாகக் கேட்ட நாளிலும் அந்தக் கேட் பூட்டியிருக்கவில்லை.