கூட்டத் தெரிந்தவர்கள்

"உள்ள போய் வாயத் தொறக்காத. கைய பாக்கெட்ட விட்டு எடுக்காத" என்று அக்கா பேருந்திலிருந்து இறங்கும்போதே தம்பியிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலுக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் குறை சொன்னால் மாத்திரை வரும் என்பது அவளுக்கு அத்துப்படி. தம்பியின் காதில் கேட்ட குரலுக்கு முதலில் ஒரு மாத்திரைதான் இருந்தது. குரல் முழுசாக அடங்கவில்லை என்றதும் அடுத்து வந்த டாக்டர் இன்னொன்றைச் சேர்த்தார், பழையதை எடுக்கவில்லை. இரண்டும் சேர்ந்ததில் கை நடுங்கியது. நடுக்கத்துக்கு ஒன்று வந்தது. அது வாயை உலர்த்தி வயிற்றைக் கட்டியது, அதற்கும் ஒன்று. வந்த டாக்டர்களெல்லாம் தங்கள் பங்குக்கு ஒன்றைப் போட்டுவிட்டு மாற்றலாகிப் போனார்கள். எடுத்தவர் என்று ஒரு புண்ணியவான் இல்லை.

தம்பி தையல் கடையில் துணி வெட்டுகிறவன். திங்கட்கிழமை வந்து வெட்டும் மேஜை முன் நிற்கும்படி முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். போன வாரம் அக்கா அவனை வெட்டிப் பார்க்கச் சொல்லிப் பழைய போர்வையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தாள். கத்தரி அந்தக் கோட்டைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போய் வந்தது. அதனால்தான் இந்தத் திட்டம். நடுக்கத்தை மறைத்து, நன்றாக இருக்கிறான் என்று சொல்லி, மாத்திரையைக் குறைக்கச் சொல்ல வேண்டும்.

புது டாக்டர் சின்ன வயதுப் பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்லா இருக்காருல்ல? அப்புறம் எதுக்குக் கை வைக்கணும்? இதையே தொடரலாம்" என்றாள்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்லா இல்லன்னாலும் கூட்டுறீங்க, நல்லா இருந்தா அப்படியே விடுறீங்க. குறைக்கணும்னா என்னதான் ஆகணும் டாக்டர்?"

"எது வேலை செய்யுதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? முன்னாடி இருந்தவர் ஏன் சேர்த்தாருன்னே எழுதல. நான் எடுத்து ஏதாவது ஆச்சுன்னா?"

தம்பி பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து மேஜைமேல் வைத்தான். பக்கத்திலிருந்த பேனா உருள ஆரம்பித்தது.

"குரல் நின்னு ரொம்ப நாளாச்சு டாக்டர். இந்தக் கைய வெச்சுக்கிட்டுத் துணி வெட்ட முடியல."

டாக்டர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவைப் பிடித்து நிறுத்தினாள். "ரெண்டாவது மாத்திரைய கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுப் பாக்கலாம். திங்கக்கிழமைக்குள்ள சரியாகாது. தூக்கம் கெட்டாலோ, தனியாப் பேசினாலோ உடனே கூட்டிட்டு வரணும். ராத்திரி பகல் கூடவே இருந்து பாத்துக்கணும். பாத்துப்பீங்களாம்மா?"

இதற்காகத்தான் இத்தனை வருஷம் சண்டை போட்டாள். ஆனால் சரி என்ற ஒரு சொல் நாக்கில் ஏறவில்லை. இரண்டாவது மாத்திரை வருவதற்கு முன், குளியலறைக் கதவை உடைத்துத் திறந்த அந்த மத்தியானம் கண்முன் வந்து நின்றது. குரலை வெட்டி எடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு, துணி வெட்டும் கத்தரியைக் காதருகே பிடித்து நின்றானே, அன்றைக்கு அந்தக் கை துளியும் நடுங்கவில்லை.

டாக்டரின் பேனா மருந்துச் சீட்டின் இரண்டாவது வரிமேல் காத்திருந்தது.

"சொல்லுக்கா" என்றான் தம்பி.

அவள் மேஜைமேல் இருந்த அவன் கையைப் பற்றினாள். நடுக்கம் அவள் முழங்கை வரை ஏறியது.