ஹமீட் பிளாஸாவின் வரலாறு: கொடுக்கப்படாத பிரதி

1

"என்ட கடைச் சாவியத் தாங்க, மாமா."

இந்த வாக்கியத்தைக் கலியாணமாகாத ஒரு குமர் தன் வாயால் சொல்லக் கூடாது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவார். ஆனால் பெண் கேட்கக் கூடாது. அவளுக்காக வாப்பா கேட்பார், காக்காமார் கேட்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் வெட்கமில்லாமல் கேட்பார்கள். அவள் உள்ளே தேத்தண்ணி ஊற்றுவாள். இன்று காலை நான் கேட்டேன். இந்தக் கதை அதிலிருந்துதான் பிறந்தது, வேறு அகத்தூண்டுதல் ஒன்றும் இல்லை.

மாமா, அதாவது உம்மாவின் காக்கா அப்துல் ஹமீட் ஹாஜியார், சிரித்தார்.

"முதல்ல வரலாற எழுதி முடி. பட்டதாரிப் புள்ள எண்டுதானே ஒன்னக் கூப்பிட்ட."

கல்முனையில் அவருடைய ஹமீட் பிளாஸாவைக் கொழும்புக் கம்பனி ஒன்று வாங்கப்போகிறது. வியாழக்கிழமை கையெழுத்து. அன்றைக்கு அச்சடித்துக் கொடுக்க 'எமது வரலாறு' என்று இரண்டு பக்கம் வேண்டுமாம். மேல்மாடியில், மூடிக்கிடக்கும் சாப்பாட்டுக் கூடத்தில், ஒரு மேசையும் மேசைக் காற்றாடியும் தந்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் முதலில் கெம்பஸ் போனவள் நான். நாலு வருடம் வரலாறு படித்ததற்குக் கிடைத்த முதல் வேலை இது. சம்பளம் இல்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "கிழக்கின் வர்த்தக வரலாற்றில் பொன்னெழுத்துக்களால் பொறிக்கப்பட வேண்டிய..." [வெட்டினேன். அடகுக்கடைப் பலகை மாதிரி இருக்கிறது.]

இரண்டாம் முயற்சி: "பிளாஸாவின் வாசலில் குணம் என்றொரு வயதான காவலாளி இருந்தார். அவருக்குத் தெரியாத ரகசியம்..." [இப்படியான கதைகளில் எல்லாம் தெரிந்த காவலாளி ஒருவர் கட்டாயம் இருப்பார். இங்கே காவலாளியே இல்லை. கெமரா இருக்கிறது, அதுவும் வேலை செய்யாது. குணம் அண்ணன், குறை நினைக்காதீர்கள், போய்வாருங்கள்.]

மூன்றாம் முயற்சி: "ஹாஜியார் அவர்கள் தமது சொந்தக் காணியில்

[பேனை இங்கே நின்றது.]

3

காணி உம்மாவினுடையது. ஸாலிஹா என்ற என் உம்மாவுக்குக் கலியாணத்தில் எழுதிக் கொடுத்த வளவு. அதிலிருந்த வீட்டைக் கட்டியது மாமாதான். ரியாத்தில் லொறி ஓட்டி, தங்கச்சி வீட்டுக்கு ஓடு போட்டு முடியும்வரை தான் கலியாணம் கட்டாமல் இருந்த மனிதர். இந்த வரி இருக்கிறவரை அவரை முழு வில்லனாக்க என்னால் முடியாது. வெட்டினால் கதை இலகுவாகும். வெட்டவில்லை.

பிறகு அவரே வந்து அந்த வீட்டை உடைக்கக் கேட்டார். மெயின் வீதிக் காணி, பிளாஸா கட்டுவோம், உன் மகளுக்கு வீட்டுக்குப் பதிலாக ஒரு கடை தருகிறேன் என்றார். உம்மா ஓம் என்றார். காணி உறுதிப் பத்திரத்தை யாரும் மாற்றி எழுதவில்லை. காக்காவுக்கும் தங்கச்சிக்கும் நடுவில் உறுதி எழுதினால் குடும்பம் பிரிந்துவிட்டது என்று ஊர் கதைக்கும். ஆகவே கட்டடம் மாமாவுடையது, அதன் கீழே கிடக்கும் மண் இன்னும் உம்மாவுடையது, கடை எனது. கடைசியாகச் சொன்னது மட்டும் வெறும் வாய்ப்பேச்சு. நாங்கள் நற்பிட்டிமுனையில் வாடகைக்கு இருக்கிறோம்.

(கடற்கரை ஊர்க் கதையில் சுனாமி எங்கே என்று தேடுகிறவர்களுக்கு: தண்ணீர் இந்த வளவுக்கு வரவில்லை. வீட்டை உடைத்தது நாங்கள்தான்.)

4

இனி வரலாறு.

பெருநாளுக்குத் திறந்தார்கள். சனம் நெருக்கியடித்தது. எஸ்கலேட்டரில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறியவர்களை நான் பார்த்தேன். ஏஸிக் குளிரில் ஒரு சுற்று நடந்துவிட்டு, வெளியே போய் வீதியோரக் கடையில் விலை பேசி உடுப்பு வாங்கினார்கள். விலையை ஒட்டிவைத்து, குறைக்க மாட்டோம் என்கிற கடையில் எங்கள் பெண்களுக்கு என்ன வேலை? மாமா இதை யோசிக்கவில்லை. ரியாத்துக்குப் போய்வரும் வழியில் துபாயில் பார்த்ததை அப்படியே கொண்டுவந்து இறக்கினார்.

2019 சித்திரையில் தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு வாசலில் பையைக் கிண்டினார்கள், முகத்தைத் திறக்கச் சொன்னார்கள். பெண்கள் வருவதை விட்டார்கள். பிறகு கொரோனா. பிறகு கரண்ட் வெட்டு. குளிர் வெளியே போய்விடும் என்று இந்தக் கட்டடத்துக்கு ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை. கரண்ட் போனதும் வீதிக் கடைகள் ஷட்டரைத் தூக்கிவிட்டு வெயில் வெளிச்சத்தில் விற்றன. இங்கே டோர்ச் அடித்துச் சாரியின் நிறம் பார்த்தார்கள். நீலம் என்று வாங்கியது வீட்டில் பச்சையாக இருந்தது. ஒவ்வொரு கடையாகப் போனது.

இந்தப் பந்தி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆகவே மாமாவுக்குப் பிடிக்காது.

5

(இதிலிருந்து ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு எழுதியது.)

மாமா வந்தார், பின்னால் உம்மா. தாள்களை எடுத்து நின்றபடியே வாசித்தார்.

"இதென்ன மகள், மையத்து வீட்டுல பயான் பண்ணுற மாதிரி இரிக்கி?" செத்த வீட்டுப் பிரசங்கம் என்கிறார்.

"நடந்தத எழுதினன்."

"சொந்தக் காணி எண்டு போடச் சொன்னனே, எங்க?"

"அது உம்மாட காணி."

"கேட்டியா ஸாலிஹா? கெம்பஸுக்கு அனுப்பாத எண்டு நான் அப்பவே செல்லினன்." என் பக்கம் திரும்பினார். "வியாழக்கிழம உம்மா ஒப்பம் வைப்பா. கடை போனா என்ன? மாப்பிள்ள வந்தா மாமா சும்மா விட்டிருவனா?"

"மாப்பிள்ள வராட்டி?"

"அஸ்தஃபிருல்லாஹ்! வாயக் கழுவு."

"செல்லுங்க மாமா. மாப்பிள்ள வராட்டி எனக்கி ஒண்டுமில்லியா?"

அவர் கதிரையில் இருந்தார். "ரியாத் வெயிலுல கிடந்து கட்டின வீடு புள்ள அது." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். நடிப்பில்லை.

"ஓம் மாமா. கட்டிக் குடுத்தீங்க. குடுத்தத்துக்குப் பிறகு அது ஒங்கட இல்ல."

"காக்காட மனச நோகடிக்காத மகள்," என்றார் உம்மா. என் முகத்தைப் பார்க்கவில்லை.

6

முடிவு, ஒன்று: மாமா மனம் திருந்தி அழுகிறார். [இதை எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அதனால் எழுதவில்லை.]

முடிவு, இரண்டு: வியாழக்கிழமை உம்மா பேனையைத் தூக்கி வீசுகிறார். [என் உம்மா எதையும் வீசியதில்லை. முட்டைக்கோதைக்கூட மெல்லத்தான் வைப்பார்.]

முடிவு, மூன்று: உம்மா ஒப்பம் வைக்கிறார், நான்

இன்று செவ்வாய். வியாழனை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அழவும் ஓம் என்று சொல்லவும் மட்டும் தெரிந்தவராக உம்மாவை எழுதிவிடாதீர்கள், அவ்வளவுதான். எனக்குக் களைத்துவிட்டது.

நான் மாமாவின் கையிலிருந்து தாள்களைப் பிடுங்கிப் பைக்குள் வைத்தேன்.

"எங்க போறாய்?" மாமா எழும்பினார்.

"இணக்க சபைக்கு. முறைப்பாடு வைக்க." காணிச் சண்டையைக் கோடு ஏறாமல் தீர்த்துவைக்கும் அரச சபை அது.

"சொந்த மாமாவுக்கு மேலயா? ஊர் என்ன செல்லும்?"

"ஊருக்கு ரெண்டு பக்கத்துல வரலாறு எழுதிக் குடுங்க."

காலையில் அபாயா போடும்போதே தீர்மானித்திருந்தேன். இவ்வளவு நேரம் இருந்து எழுதியது, கேட்டுப் பார்க்காமல் போனாள் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக. ஓடாத எஸ்கலேட்டரில் படியாக இறங்கினேன். கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளினேன். மெயின் வீதி கொதித்தது. மேலேயிருந்து மாமா என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார். அதை உங்களுக்கு இன்னும் சொல்லவில்லை. முஸ்பிறா. முறைப்பாட்டில் முதல் வரி அதுதான்.